ரசிக்க யாருக்கு உரிமை?

தோழர்களே, ஷேக்ஸ்பியரைப் பத்திப் பேசப் போறேன்னதும் சிலர் முகம் சுளித்தீர்கள். 'துரைமார் சரக்கு நமக்கெதுக்கு?' என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலைத் துரைமார் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

1873இல் லண்டனில் ஃபர்னிவல் என்பவர் 'புதிய ஷேக்ஸ்பியர் சங்கம்' தொடங்கினார். எந்த நாடகம் முந்தி, எது பிந்தி என்று கண்டுபிடிப்பது அதன் முக்கிய வேலை. அதற்காக அடிகளை எண்ணினார்கள். எத்தனை அடி இயைபோடு முடிகிறது, எத்தனை அடியில் கடைசியில் ஓர் அசை மிகுகிறது என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு வீண் என்று சொல்ல மாட்டேன். நாடகங்களின் கால வரிசை தெளிவானதில் அதுக்கும் பங்குண்டு. ஃபர்னிவல், தொழிலாளர் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தவரும்கூட. ஆனால் கணக்குச் சண்டை முற்றி, அவரும் கவிஞர் ஸ்வின்பர்னும் ஒருவர் பெயரை ஒருவர் கொச்சையாகத் திரித்து அச்சிலேயே ஏசிக்கொண்டார்கள். 1894இல் சங்கம் முடிந்துபோனது.

இப்போ அரை நூற்றாண்டு பின்னால், நியூயார்க்குக்கு வாங்க. 1821. அந்த மாநிலத்தில் அடிமைமுறை முழுசாக ஒழிந்தது 1827இல்தான். அதற்கு முன்பே வில்லியம் பிரவுன் என்ற கறுப்பர் நாடகக் குழு அமைத்து 'மூன்றாம் ரிச்சர்ட்' போட்டார். மன்னன் வேடத்தில் கறுப்பர்! வெள்ளைக்காரங்க வந்து கலாட்டா பண்ணினாங்க. 1822இல் நாடகம் நடக்கும்போதே போலீஸ் புகுந்து நடிகர்களைப் பிடித்துப் போனது. இனி ஷேக்ஸ்பியரை நடிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே விட்டார்கள் என்கிறது அன்றைய பத்திரிகைச் செய்தி. யோசிச்சுப் பாருங்க. திருட மாட்டோம்னு இல்ல, அடிக்க மாட்டோம்னு இல்ல. வசனம் பேச மாட்டோம்னு வாக்கு!

அதே நகரில் 1807இல் பிறந்த ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற கறுப்பின நடிகர் கடல் கடந்தார். 1833இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒத்தெல்லோவாக நின்றார். வெள்ளையர் முகத்தில் மை பூசி நடித்துவந்த வேடம் அது. பத்திரிகைகளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டே இரவோடு முடிந்தது. பிறகு ஐரோப்பாவும் ருஷ்யாவும் அவரைக் கொண்டாடின. 1867இல் இறந்தார். அடி எண்ணும் சங்கம் பிறந்தது அதற்கு ஆறு வருஷம் கழித்து.

தோழர்களே, நாம் வாசிப்பு வட்டம் தொடங்கப் போகிறோம். அடி எண்ணவும் கத்துக்கணும். அது நம்ம உரிமை. கூடவே, உள்ளே உட்கார்ந்திருப்பது யார், வாசலோடு நிற்பது யார் என்பதையும் எண்ணுவோம். 'துரைமார் சரக்கு' என்று நாமே ஒதுக்கிவிட்டால், நியூயார்க் போலீஸ் மிரட்டி வாங்கிய வாக்கை நாம் கேட்காமலேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.