கீமோ நாட்களில் வரும் தலைவலி

புற்றுநோயாளிகளுக்கு ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்பதை 1865-லேயே பாரிஸ் மருத்துவர் ஆர்மான் துரூசோ எடுத்துச் சொன்னார். சில சமயம் மருந்துக்கும் இதில் பங்கு உண்டு. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அஸ்பாரஜினேஸ், புற்றணுக்கள் நம்பி வாழும் அஸ்பாரஜின் என்ற சத்தை அழிக்கிறது. கூடவே, கல்லீரல் தயாரிக்கும் புரதங்களும் குறைகின்றன. உறைதலைக் கட்டுக்குள் வைக்கும் ஆன்டித்ராம்பினும் அவற்றில் ஒன்று. அதனால் அரிதாகச் சிலருக்கு, மூளையிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரையில் அடைப்பு ஏற்படுகிறது. விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி ஆகியவை அதன் அறிகுறிகள்.

கீமோவில் தலைவலியும் வாந்தியும் சகஜம்தானே என்று கேட்கலாம். சகஜம் என்று விட்டுவிடுவதால்தான் அடைப்பு தாமதமாகத் தெரியவருகிறது. சிகிச்சையின்போது முதுகில் ஊசி போட்டபின் வரும் தலைவலி பெரும்பாலும் படுத்தால் தணியும். சிரை அடைப்பின் வலி படுத்தால் கூடலாம். சந்தேகம் வந்தால் ஸ்கேன்தான் தெளிவாக்கும். எல்லோருக்கும் முன்கூட்டியே உறைவுத் தடுப்பு மருந்து கொடுத்துவிடலாமே என்றால், தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது அதுவே ரத்தக்கசிவை உண்டாக்கலாம். பயந்துபோய்ச் சிகிச்சையை நிறுத்துவதும் தவறு. நேரத்தில் கண்டுபிடித்து ஹெப்பாரின் வகை உறைவுத் தடுப்பு மருந்து கொடுத்தால், பலருக்குச் சிகிச்சையைத் தொடர முடிகிறது. ஆகவே புதிதாக வரும் தலைவலியை வீட்டு மாத்திரையால் அடக்காமல், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.