சின்ன அலுமாரி, நிமிர்ந்த நடை
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



வைத்தியர் பேசுகிறார் என்றதும் சீனி, பிரெஷர் பற்றிய உரையை எதிர்பார்த்திருப்பீர்கள். நாம் பேசப்போவது உடுப்பு அலுமாரியைப் பற்றி. அதற்குக் காரணம் உண்டு. கிளினிக் திகதியைத் தவறவிட்ட தாய்மாரிடம் விசாரித்தால் பஸ் காசு, பிள்ளைக்குச் சுகமில்லை என்று தொடங்குவார்கள். உடுத்திக்கொண்டு வர நல்லதாக ஒன்றும் இல்லை என்பது கடைசியில்தான், மெதுவாக வெளியே வரும். நேர்முகப் பரீட்சைக்குப் போகாமல் விட்ட பிள்ளைகளும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே இது அலங்காரப் பேச்சு அல்ல.

பாடசாலைக் காலத்தில் இந்தக் கவலை நமக்கு இருக்கவில்லை. 1993இல் அரசாங்கம் இலவசச் சீருடைத் துணி வழங்கத் தொடங்கியபோது எமது வகுப்பினர் மாணவிகளாக இருந்தோம். வெள்ளைச் சீருடைக்குள் நகரத்துக் கடை முதலாளியின் மகளும் தோட்டத்து லயத்திலிருந்து வந்த மகளும் ஒன்றுபோலவே நின்றோம். பாடசாலையை விட்டு விலகிய மறுநாளே அந்தப் பாதுகாப்புப் போய்விடுகிறது.

2022ஆம் ஆண்டு நெருக்கடியை நாம் மறக்கவில்லை. அவ்வருடம் செப்டெம்பரில், அரச ஊழியர்கள் தகுந்த வேறு உடையிலும் பணிக்கு வரலாம் என்று பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை விட்டது. நவம்பரில் சில ஆசிரியைகள் சாரி இல்லாமல் வேறு உடையில் பாடசாலைக்குச் சென்றபோது, அந்தச் சலுகை ஆசிரியர்களுக்கு இல்லை என்று கல்வி அமைச்சு கூறியது. சாரிக்கு ஆகும் செலவு அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. மாதச் சம்பளம் பெறும் ஆசிரியைக்கே அது பாரம் என்றால், 2024இல்கூட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாகவே நிர்ணயிக்கப்பட்டிருந்த தோட்டக் குடும்பத்தை எண்ணுங்கள். ஒரு சாரிக்கு எத்தனை முழுப்பேர் வேண்டும் என்று அவர்கள் கணக்குப் பார்த்துத்தான் கடைப்படி ஏறுகிறார்கள்.

தங்கைமாரே, முதல் வேலைக்குப் போகுமுன் இருப்பதை எல்லாம் கட்டிலில் பரப்பி எண்ணுங்கள். நான்கு சாரியும் மூன்று சட்டையும் போதும். கறுப்பு, மெறூன், சந்தன நிறம் என்று சட்டைகளைத் தைத்து, அந்த மூன்றோடும் சேரும் சாரிகளை மட்டும் வாங்கினால் பன்னிரண்டு விதமாக உடுக்கலாம். சல்வார் என்றால் கறுப்பிலும் வெள்ளையிலும் இரண்டு காற்சட்டை, மூன்று மேற்சட்டை; ஆறு விதம் கிடைக்கும். சாரி ஒருபோதும் இறுகாது, சட்டைதான் இறுகும். தைக்கக் கொடுக்கும்போது உள்தையலில் ஓர் அங்குலம் விடச் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற பின்னும் அதே சட்டை உதவும்.

ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் மிஞ்சிய உடுப்புகள் கடைகளிலும் சந்தையிலும் மலிவாகக் கிடைக்கின்றன. பகல் வெளிச்சத்தில் உட்புறத்தைத் திருப்பி, தையல், சிப், பொத்தான் துளைகளைப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும், ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாகத் துவையுங்கள்.

கையால் செய்த வேலை ஒரு சாதாரணத் துணியை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. அலுவிகாரையில் எனா டி சில்வா அம்மையார் கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பத்திக்கும் பூத்தையலும் செய்வித்தார். பழைய பருத்திச் சாரியின் கரையில் நாமே நாலு பூத் தைத்தால் அதுவும் புதிதாகும்.

இரண்டு வைத்திய வார்த்தைகள். புதுச் சாரிக்கு முன் உள்ளாடைகளை நினையுங்கள். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்ததை உடுத்தினால் படர்தாமரை வரும். மாற்றுவதற்கு மேலதிகமாக இரண்டு இருப்பது எந்தப் பட்டையும்விடப் பெறுமதி. பிறர் உடுத்திய உடுப்பை வாங்கினால் சுடுநீரில் துவைத்து நன்கு காயவிட்டு உடுங்கள். சுடுநீர் தாங்காத துணியைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வையுங்கள். சொறிப் பூச்சி அதற்குள் செத்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழக விடுதியில் நாங்கள் நால்வர் ஓர் அலுமாரியைப் பகிர்ந்தோம். யாருக்குப் பரீட்சையோ அவருக்கே நல்ல சாரி. அதே வழக்கத்தை இங்கும் கொண்டுவருவோம். எம்மில் ஒவ்வொருவரும் கிழியாத, சாயம் போகாத ஒரு சாரியைத் தருவோம். நாமே உடுக்கத் தயங்குவதைக் கொடுக்காதிருப்போம். சங்க அறையில் ஓர் அலுமாரி, திறப்பு ஓர் ஆசிரியையிடம். நேர்முகப் பரீட்சைக்கோ பயிற்சிக்கோ போகும் பிள்ளை வந்து எடுத்துப் போகட்டும். கொடுத்தவர் பெயரும் வேண்டாம், எடுத்தவர் பெயரும் வேண்டாம். வாங்குபவர் தலை குனிந்தால் நாம் கொடுத்ததற்குப் பலனில்லை.

சீருடைக்குள் நமக்குக் கிடைத்த அந்தச் சமநிலையை, வாசலைத் தாண்டிப் போகும் தங்கைமாருக்கு இன்னும் சில வருடங்கள் நீட்டிக் கொடுப்பதே இந்த நூற்றாண்டில் நாம் செய்யக்கூடிய சிறு கைங்கரியம்.