காணாமற்போன பிள்ளைகளும் நமது கடமையும்

(கும்மிடிப்பூண்டியில் கூடிய நமது சங்கத்தின் பகுதிக் கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)



கல்வி அபிவிருத்தியைக் குறித்தோ கலியாணச் செலவைச் சுருக்குவது குறித்தோ பேசுவது நமது கூட்டங்களின் வழக்கம். இன்று யான் எடுத்துக்கொண்ட விஷயம் அத்துணை உவப்பானதன்று. பதினான்கு, பதினைந்து பிராயமுள்ள ஒரு பிள்ளை காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, இரவாகியும் திரும்பாவிடில், பெற்றோரும் சுற்றத்தாரும் செய்யத்தக்கது யாது என்பதே அது.

"போன பிள்ளை தானே வரும்" என்றொரு நம்பிக்கை நம்மவரிடம் ஊறிக்கிடக்கிறது. அதற்குத் துணையாக ஒரு சரித்திரத்தையும் எடுத்துக்காட்டுவார்கள். 1896-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி, பதினாறு வயதான வேங்கடராமன், தமையனுடைய கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு, மதுரையிலிருந்து ரயிலேறினார். அவரே பின்னாளில் ரமண மகரிஷியானார். மெய்தான். ஆனால் அந்தக் குடும்பத்தார் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சிற்றப்பன்மார் ஊர் ஊராகத் தேடினர். மதுரையில் ஒரு தம்பிரான் பேசிய பேச்சை ஒரு வாலிபர் கேட்டுவந்து சொன்ன பிறகே, 1898-ல், பிள்ளை திருவண்ணாமலையில் இருப்பது தெரியவந்தது. இடைப்பட்ட காலம் முழுதும் தாயார் அழகம்மாள் பட்ட துயரம் சொல்லுந்தரமன்று. வீட்டைவிட்டுப் போகும் பிள்ளைகள் எல்லோரும் கடிதம் எழுதிவைப்பதுமில்லை; எல்லோரும் அருணாசலத்துக்குப் போவதுமில்லை.

இனி மற்றொரு சரித்திரத்தைச் சொல்லுகிறேன். டில்லிக்கு அருகில் நொய்டா என்பது கைத்தொழிற் பேட்டைக்கென்றே வகுக்கப்பட்ட நகரம். அதற்குள் அகப்பட்டுக்கொண்ட ஒரு பழைய கிராமம் நிதாரி. நமது கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றிலும் இருப்பதுபோலவே அங்கும் பிழைப்பைத் தேடி வெளிமாகாணங்களிலிருந்து வந்த ஏழைகள் குடியிருந்தனர். 2005, 2006-ம் வருஷங்களில் அங்கே சிறுவர் சிறுமியர் ஒருவர் பின் ஒருவராய் மறையலாயினர். 2005 பிப்ரவரியில் மறைந்த ஒரு பெண்ணுக்கு வயது பதினான்கு. பெற்றோர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினர். "யாருடனாவது ஓடிப்போயிருப்பாள், வீட்டுக்குப் போங்கள்" என்ற தோரணையிலேயே பதில் கிடைத்தது. 2006 மே மாதத்தில் காணாமற்போன ஒரு யுவதியின் தகப்பனார் நியாயஸ்தலம் வரை சென்று உத்தரவு பெற்ற பின்னரே, அக்டோபரில் கேஸ் பதிவாயிற்று. அவளுடைய கைபேசியின் தடத்தைப் பற்றிச் சென்றே போலீசார் ஒரு வீட்டை அடைந்தனர். டிசம்பர் 29-ந் தேதி அந்த வீட்டின் பின்புறத்துச் சாக்கடையில் எலும்புக்கூடுகள் அகப்பட்டன. கேஸைப் பதியாது கழித்த மாதங்களில் போன உயிர்கள் எத்தனையோ, ஈசுவரனுக்கே வெளிச்சம்.

அதன் முடிவையும் கேளுங்கள். வீட்டு எஜமானருக்கும் வேலைக்காரருக்கும் மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2023 அக்டோபரில் அலகாபாத் ஹைகோர்ட்டு அவற்றைத் தள்ளி இருவரையும் விடுதலை செய்தது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணைப் பற்றிய வழக்கில் மட்டும் நிலைத்திருந்த தண்டனையும் அவ்வருஷம் நவம்பரில் ரத்தாயிற்று. வாக்குமூலமும் தடயங்களும் சட்டப்படி சேகரிக்கப்படவில்லை என்பதே காரணம். ஆக, இருபது வருஷங்கள் கழிந்தும் அக்குழந்தைகளைக் கொன்றவர் யார் என்று சொல்லுவாரில்லை. முதல் நாளில் செய்யவேண்டியதைச் செய்யாதுவிட்டால், பிற்பாடு எத்தனை கோர்ட்டுகள் ஏறினாலும் அது கைகூடுவதில்லை.

போலீசாரைக் குறை கூறுவது எளிது. நம் வீட்டில் நடப்பது என்ன? பெண் பிள்ளை திரும்பாவிட்டால் முதலில் கதவைச் சாத்துகிறோம். ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும், தங்கைக்கு வரன் அமையாது என்று இரண்டு நாள், மூன்று நாள் மறைக்கிறோம். உறவினர் கேட்டால், பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று பொய் சொல்லுகிறோம். இங்கிருந்து சிறிது தூரத்தில் ஆந்திர எல்லை. கல்கத்தா நெடுஞ்சாலையும், சூலூர்ப்பேட்டை கூடூர் மார்க்கமாய்ச் செல்லும் இருப்புப்பாதையும் நம் வாயிலில் கிடக்கின்றன. மூன்று நாளில் ஒரு குழந்தையை இந்தியாவின் எந்தக் கோடிக்கும் கொண்டுபோய்விடலாமே!

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அன்பர்கள் சினவாதிருக்க வேண்டுகிறேன். பிள்ளை வேறு ஜாதியாரோடு சிநேகம் கொண்டதாகச் சந்தேகம் பிறந்தால், நம்மிலே சிலர் போலீசுக்குப் போவதைத் தடுத்துத் தாமே ஆட்களைத் திரட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். சங்கத்தின் பெயரையும் அதற்கு உபயோகிக்கிறார்கள். அது தேடுதல் அன்று, வேட்டை. பதினெட்டு வயது நிரம்பியவர் தம் இஷ்டப்படி எங்கும் வசிக்க உரிமையுடையவர். தாம் க்ஷேமமாயிருப்பதாக அவரே அதிகாரிகளிடம் கூறிவிட்டால், அவ்வளவோடு நாம் திரும்பிவிட வேண்டியதுதான். அடிக்கும் கைக்கும் சந்தேகப் பேச்சுக்கும் அஞ்சியே வீட்டைவிட்டுப் போன பிள்ளைகளும் உண்டு. அத்தகைய வீட்டுக்கு அவர்களை ஏன் திரும்பக் கொணர வேண்டும் என்று ஒரு தாயார் என்னைக் கேட்டார். விடை சொல்ல எனக்கு நா எழவில்லை.

சட்டம் இப்பொழுது நமக்கு அனுகூலமாகவே இருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை காணவில்லையென்று புகார் வந்தால், கடத்தலென்றே கருதிக் கேஸ் பதிய வேண்டும் என்று 2013 மே 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. இருபத்துநான்கு மணி காத்திருக்க வேண்டுமென்பது வெறும் வாய்ப்பேச்சு. அப்படி ஒரு விதி கிடையாது. எல்லை எங்களுடையதன்று என்று சொல்லிப் புகாரை மறுக்கவும் கூடாது. எந்த ஸ்டேஷனிலும் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்பலாம். நான்கு மாதத்தில் பிள்ளை அகப்படாவிட்டால், ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவினரிடம் கேஸ் போக வேண்டும். ராப்பகல் எந்நேரமும் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கலாம். ரயிலேறியிருக்கலாமென்று தோன்றினால் ரயில்வே போலீசாருக்கும் உடனே சொல்லுக.

புகார் கொடுக்கும்போது சமீபத்திய புகைப்படம் அவசியம். நம் வீடுகளில் காதுகுத்துக்கு எடுத்த படம் இருக்கும். பதினைந்து வயதுப் படம் இராது! உடுத்தியிருந்த ஆடை, மச்சம், தழும்பு, பேசும் பாஷை, கைபேசி எண், தோழர்களின் பெயர் ஆகியவற்றை அன்றிரவே எழுதிவைக்க வேண்டும். மாதங்கள் கழிந்தாலும் கேஸ் எந்த நிலையில் இருக்கிறதென்று எழுத்து மூலமாகக் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். கேட்பாரற்ற கட்டு அலமாரியில் அடியிலே போய்விடும்.

ஸ்டேஷனில் புகாரை ஏற்க மறுத்தால், அதையே எழுதித் திருவள்ளூர் ஜில்லா போலீஸ் சூப்பிரண்டெண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பயனில்லையாயின் மாஜிஸ்டிரேட்டிடம் மனுச் செய்துகொள்ளலாம். நிதாரியின் அந்தத் தகப்பனார் கோர்ட்டுக்குத்தான் போனார். நமது சங்கத்தில் வக்கீல்கள் பலர் இருக்கிறார்கள். இத்தகைய மனுவைப் பணம் வாங்காமல் எழுதிக்கொடுக்க அவர்களுள் இருவராவது இன்றைக்கே முன்வந்து, தம் பெயரையும் விலாசத்தையும் அடுத்த சஞ்சிகையில் வெளியிடச் சம்மதிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். மனு கொடுப்பவர் எந்த ஜாதியார் என்று அவர்கள் விசாரிக்க வேண்டாம்.