நீரின் சாட்சியம்
(சங்கத்தின் வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



நீர் என்றாலே நம் மக்களின் வரலாறு நினைவிற்கு வராமல் இராது. 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். நாம் தொட்டால் நீர் தீட்டுப்படும் என்றவர்கள் அதற்குச் சான்று காட்டியதில்லை. இன்றைய விஞ்ஞானமோ, நீரைக் கெடுத்தது எதுவென்று சான்றுடன் கூறுகின்றது.

பூந்தமல்லி, திருவேற்காடு, ஆவடிப் பகுதிகளை ஒட்டிக் கூவம் ஓடுகின்றது. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள் ஒரு காலத்தில் வயல்களுக்குப் பாய்ந்தவை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதோ பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்கு.

கழிவிலும் உரத்திலும் உள்ள நைட்ரஜன், நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறி நீரில் கலக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் நீங்காது, நீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தரவரையறை. மிகுந்தால், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும்.

இது வந்த வழியை அறிவதெப்படி? நைட்ரஜனில் 14, 15 என எடை வேறுபட்ட இருவகை அணுக்கள் உண்டு. இவற்றை ஐசோடோப்புகள் என்பர். இரண்டும் கதிரியக்கம் அற்றவை. காற்றிலுள்ள ஆயிரம் நைட்ரஜன் அணுக்களில் கனமானவை நான்கிற்கும் சற்றுக் குறைவு. இரசாயன உரம் காற்றிலிருந்து செய்யப்படுவதால், அதன் விகிதமும் ஏறத்தாழ அதுவே. மனித, கால்நடைக் கழிவிலோ இலேசான அணுக்கள் அம்மோனியா ஆவியாக முந்திப் பறந்துவிட, கனமானவை தங்கிவிடுகின்றன. ஆதலின் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டில் அவ்விகிதம், பெரும்பாலும் காற்றைவிட ஆயிரத்துக்குப் பத்து முதல் இருபது பங்கு மிகுந்திருக்கும்.

1971இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துச் சங்கமன் ஆற்றில், நைட்ரேட்டில் பாதிக்கு மேல் உரத்திலிருந்தே வந்ததென்று இம்முறையால் கூறினர். மண்ணியல் அறிஞர்கள் பலர் மறுத்தனர். மண்ணிலும் இவ்விகிதம் மாறுமன்றோ? அதனால் இன்று ஆக்சிஜன், போரான் ஐசோடோப்புகளையும் சேர்த்தே ஆராய்கின்றனர். ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்பெழுதலாகாது என்பது அவ்வாதத்தின் படிப்பினை.

தோழர்களே, இங்கொன்றை மறவாதீர். ‘இது மலக்கழிவு’ என்று ஐசோடோப்பு சொல்லும். குடிசையினதா, அடுக்குமாடியினதா, கழிவுநீர் லாரியினதா என்று சொல்லாது. கூவக் கரையிலிருந்து நம் குடும்பங்கள் பல, நகருக்கு வெளியே பெரும்பாக்கத்திற்கு அகற்றப்பட்டன. குடிசைகள் போன பின்னும் அவ்விடத்து நீரில் கழிவு குறையவில்லையாயின், பழி அவர்களைச் சாராது. ஆகவே கால்வாய் சேருமிடத்திற்கு மேலும் கீழும் நீரெடுத்து ஒப்பிட வேண்டும். அதை நாமே தொடங்கலாம். நைட்ரேட் அளவை அறியக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் உள்ளன.

இளைஞர்களே! நம்மீது சுமத்தப்பட்ட தீட்டெனும் பொய்க்கு எதிராக நம் முன்னோர் நெஞ்சுரத்தோடு நின்றனர். நீங்கள் வேதியியலும் நிலவியலும் கற்று, அளவுகோலோடு நில்லுங்கள்.