இருத்தலும் இரங்கலும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காத்திருப்பைப் பற்றித் தமிழில் பேசப் புகுந்தால் அகத்திணையைத் தொடாமல் அப்பால் செல்ல முடியாது. ஐந்திணைகளுள் முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். இரண்டிலும் தலைவன் பிரிந்திருக்கிறான். இரண்டிலும் தலைவி காத்திருக்கிறாள். அப்படியானால் இவற்றை ஏன் இரண்டாகப் பிரித்தார்கள்? நிலமும் பொழுதும் வேறு என்பது மாணவர் சொல்லும் விடை. என் மனம் கண்ட விடை இன்னொன்று. முல்லைத் தலைவன் கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிச் செல்கிறான். காத்திருப்பவளின் கையில் ஒரு பருவம் இருக்கிறது. நெய்தலில் அந்தப் பிடிமானம் நழுவிவிடுகிறது. கடல் இருக்கிறது, அலை வருகிறது, அவன் வரும் நாள் மட்டும் தெரியவில்லை. நாள் குறித்த காத்திருப்பு இருத்தல். நாளே இல்லாத காத்திருப்பு இரங்கல்.

இந்த வேறுபாடு எனக்குத் துலங்கியது பாங்கொக் நகரில், அரசாங்க அலுவலகங்களின் வாங்குகளில் உட்கார்ந்திருந்தபோதுதான். இரத்தினக்கல் தொழிலுக்காக 1998இல் தாய்லாந்து சென்றவன் நான். 2014இல் நிரந்தர வதிவுரிமை கிடைத்தது. 2020இல் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தேன். இன்னமும் காத்திருக்கிறேன்.

அந்த நாட்டில் பிரஜாவுரிமையைச் சட்டமாக எழுதியது 1913இல். ஆறாம் ராமா எனப்படும் வஜிராவுத் மன்னர் குடும்பப் பெயர்ச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே ஆண்டில்தான். அதற்கு முன்னர் வந்தவர்களை நாடு கோப்புத் திறக்காமலே உள்வாங்கிக்கொண்டது. பாங்கொக்கின் பெரிய ஊஞ்சல் கம்பத்துக்கு அருகில் ஒரு தேவஸ்தானம் உண்டு. அங்கே அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் விழாவுக்குத் 'திரியம்பவாய்' என்று பெயர். திருவெம்பாவை என்ற நமது சொல்லே அவ்வாறு உருமாறியது என்பர் அறிஞர். அவர்களுடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பது மரபு. தமிழ் அவர்களுக்கு இன்று விளங்காது; ஓதும் ஒலி மட்டும் எஞ்சியிருக்கிறது. அவர்களை வெளியார் என்று யாரும் சொல்வதில்லை. காலமே அவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கிவிட்டது.

எங்களைப் போன்றவர்களுக்கு 1965ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இருக்கிறது. அங்கே அதை 2508ஆம் ஆண்டுச் சட்டம் என்பார்கள். பௌத்த ஆண்டுக் கணக்கில் அவர்கள் நம் நாட்டைவிட ஓராண்டு பிந்தியவர்கள். நாம் புத்த ஜயந்தியின் 2500ஆம் ஆண்டை 1956இல் கொண்டாடினோம். அவர்கள் 1957இல் கொண்டாடினார்கள். நம்மூர்க் கணக்கில் பிறந்த ஆண்டை எழுதிக் கொடுத்தால் ஒரு வயது குறைந்துவிடும். காத்திருக்கும் மனிதனுக்கு அந்த ஒரு வயதும் இலாபந்தான். ஆனால் எழுதுவினைஞர் விடமாட்டார்.

சட்டம் கேட்பது அதிகமில்லை என்றே முதலில் தோன்றும். வயது வந்தவராக இருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். நிலையான தொழில் வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறையாமல் அந்நாட்டில் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். தாய் மொழி தெரிந்திருக்க வேண்டும். 'தாய் மொழி தெரியுமா?' என்ற கேள்வியைத் தமிழில் எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரும். என் தாயின் மொழியை அங்கே யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய தாய் மொழியோ ஏற்றத்தாழ்வான தொனிகளால் ஆனது. தொனி மாறினால் பொருள் மாறும். அந்நியனுக்கு அங்கே 'தாங் தாவ்' என்று பெயர். வேறு மண்ணைச் சேர்ந்தவன் என்பது பொருள். அதையே தொனி சற்று மாற்றிச் சொன்னால் வேறு நட்சத்திரத்தைச் சேர்ந்தவன் என்றாகிவிடும். தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். என்னை மண்ணால் பிரித்தார்களா நட்சத்திரத்தால் பிரித்தார்களா என்று பல வருடங்கள் எனக்குத் தெரியாமலே இருந்தது.

விண்ணப்பம் பல கைகளைக் கடக்க வேண்டும். முதலில் பொலிஸ் விசாரணை. வருமானம், வரி, கல்வி, வதிந்த காலம், மொழி என்று பலவற்றுக்கும் புள்ளிகள் உண்டு. மொத்தம் 100, குறைந்தது 50 பெற வேண்டும். பிறகு உள்நாட்டு அமைச்சின் குழு நேர்முகம் காண்கிறது. முடிவு அமைச்சரின் தற்றுணிபைப் பொறுத்தது. அவர் இணங்கினால் மன்னரின் அனுமதிக்குச் செல்லும். அதன்பின் விசுவாசப் பிரமாணம். அதன்பின் அரச வர்த்தமானியில் பெயர். ஒவ்வொரு படியிலும் சட்டம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதுதான் கால எல்லை.

நேர்முகத்தில் தேசிய கீதத்தையும் மன்னர் கீதத்தையும் பாட வேண்டும் என்றார்கள். தேசிய கீதம் எனக்குப் புதிதல்ல. அந்நாட்டில் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் அது பொது இடங்களில் ஒலிக்கும். புகையிரத நிலையத்தில் ஓடுபவனும் நிற்பான். பூங்காவில் நடப்பவனும் நிற்பான். நானும் இருபது வருடங்களுக்கு மேலாக நின்றவன். ஆனால் நிற்பது வேறு, பாடுவது வேறு. பட்டறையில் கல் தீட்டும் பெண்கள்தாம் எனக்குச் சொற்களைச் சொல்லித் தந்தார்கள். சிறு வயதில் பாடசாலைக் கொடிக்கம்பத்தின் கீழ் பாடியவர்கள் அவர்கள். பொருளைக் கேட்டபோது இரண்டு சொற்களுக்கு அவர்களாலும் விளக்கம் தர முடியவில்லை. பிறப்பால் வந்தவர்களுக்குப் பொருள் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. விண்ணப்பிப்பவனுக்கு உண்டு.

நேர்முகம் முடிந்து முதல் வருடம் போயிற்று. இரண்டாம் வருடமும் போயிற்று. முல்லைப் பாட்டுகளில் ஒரு மரபு உண்டு, நேயர்களே. மழை பெய்துவிடும், கொன்றை பூத்துவிடும், சொன்னவன் வந்திருக்க மாட்டான். அப்போது தோழி, இது கார்காலத்து மழையே இல்லை, பருவம் தவறிப் பெய்த மழை, பேதைக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது என்று தலைவியைத் தேற்றுவாள். எனக்கு வாய்த்த தோழி, எனக்கு முன்னே விண்ணப்பித்திருந்த ஒரு வயோதிப வியாபாரி. "இது தொற்றுநோய்க் காலம், கணக்கில் சேராது" என்றார் முதலில். 2023இல், "இது தேர்தல் வருடம், அமைச்சர் மாறுவார், இதுவும் சேராது" என்றார். 'ஜை யென்' என்று அங்கே ஒரு சொல் உண்டு. குளிர்ந்த மனம் என்று அர்த்தம். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையே சொல்வார். மழை பெய்வது எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் தோழியின் பொய் இல்லாமல் முல்லையில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க முடியாது.

இத்தனைக்கும் இது ஏன் எனக்கு வேண்டும் என்று கேட்கலாம். தேர்தல் நாளில் எங்கள் வீதியில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். என் பட்டறைப் பெண்களும் நிற்பார்கள். நான் பூட்டிய கடைக்குள் தனியே இருப்பேன். என் வாழ்நாளில் ஏறக்குறையப் பாதியைக் கழித்த ஊரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. பிரஜாவுரிமை கிடைத்த மறுநாளே இது தீர்ந்துவிடாது என்பதும் தெரியும். பதிவால் பிரஜையானவர் ஐந்தாண்டு சென்ற பின்பே வாக்களிக்கலாம் என்கிறது அவர்களுடைய 2017ஆம் ஆண்டு அரசியலமைப்பு. ஒரு காத்திருப்பின் முடிவில் இன்னொரு காத்திருப்பு.

விண்ணப்பத்தோடு ஒரு கடதாசியில் கையெழுத்திட வேண்டியிருந்தது. பிரஜாவுரிமை கிடைத்தால் பழைய பிரஜாவுரிமையைத் துறப்பேன் என்ற வாக்குமூலம் அது. நமது சட்டப்படியும், வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையை விரும்பிப் பெறுபவர் இலங்கைப் பிரஜையாக இருப்பது அற்றுப்போகும். இரட்டைப் பிரஜாவுரிமைக்கு 1987 முதல் இங்கே வழியுண்டு. ஆனால் பழைய பிரஜாவுரிமையைப் பயன்படுத்துவதாகத் தெரிந்தால், கொடுத்ததைத் திரும்ப எடுக்கவும் தாய்லாந்துச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தக் கடதாசியின் முன் என் பேனை நின்றுவிட்டது. காரணத்தைச் சொல்ல வேண்டும்.

நான் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவன். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவராக்கிய வரலாறு நேயர்கள் அறிந்ததே. கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலை உறுப்பினராக நாடாளுமன்றம் சென்றார். அடுத்த வருடமே அவரை அனுப்பிய மக்களில் பெரும்பாலோருக்கு நாடில்லை. 1964இல் வந்த ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாக்கியது. என் சித்தப்பா தலைமன்னாரில் கப்பலேறினார். அப்பா இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு 1969இல் விண்ணப்பித்தார். 1982இல் சான்றிதழ் வந்தது. 13 வருடங்கள். அந்தச் சான்றிதழை ஒரு தகரப் பெட்டியில், அம்மாவின் கூறைச் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். என் பாடசாலை அனுமதி, அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் அது வெளியே வந்தது. வம்சாவழிப் பிரஜையிடம் யாரும் கேட்காத கடதாசி அது. பதிவுப் பிரஜை அதைச் சுமந்துகொண்டே இருக்க வேண்டும்.

அப்பா 13 வருடம் காத்துப் பெற்றதை நான் ஒரு கையெழுத்தில் விட்டுவிடுவதா என்பதுதான் அன்று என் முன் நின்ற கேள்வி. அன்று கையெழுத்திடாமல் திரும்பி வந்துவிட்டேன். அப்பா அந்தச் சான்றிதழை ஒருநாளும் பெருமையோடு விரித்துப் பார்த்ததில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. பெட்டியில் போட்டுப் பூட்டியதோடு சரி. அவர் வேண்டியது, தான் வேலை செய்யும் மண்ணில் யாரிடமும் உத்தரவு கேளாமல் இருப்பது. அந்த ஆசையைத்தான் அவர் எனக்கு விட்டுச் சென்றிருக்கிறார் என்று பட்டது. அடுத்த வாரம் சென்று கையெழுத்திட்டேன். மனம் இலேசாகவில்லை. ஆனால் கை நடுங்கவுமில்லை.

நேயர்களே, என் காத்திருப்பு எவ்வளவு நீண்டாலும் அது முல்லைதான். நான் விரும்பிச் சென்றேன், விரும்பி விண்ணப்பித்தேன், கையில் ஒரு கோப்பு இலக்கம் இருக்கிறது. நெய்தல் மக்களை அந்த நாட்டின் வடக்கு மலைகளில் பார்த்தேன். மலைச்சாதியினர், ஷான் மக்கள், எல்லை கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அங்கேயே பிறந்தவர்கள், அந்த மொழியில் கனவு காண்பவர்கள். ஆயினும் நாடற்றவர்கள். 1972 டிசம்பரில் இராணுவ ஆட்சி வெளியிட்ட 337ஆம் இலக்கப் பிரகடனம், வெளிநாட்டுப் பெற்றோருக்குத் தாய்லாந்தில் பிறந்த பலரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. அதை மீளப்பெற 2008இல்தான் சட்டத்தில் வழி திறந்தது. நமது 1948ஐ அறிந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மொங் தொங்டி என்ற சிறுவனின் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். ஷான் பெற்றோருக்குத் தாய்லாந்தில் பிறந்தவன். கடதாசி விமானம் பறக்கவிடும் போட்டியில் நாட்டிலேயே முதலாவதாக வந்தான். ஜப்பானில் நடந்த போட்டிக்குப் போகக் கடவுச்சீட்டு இல்லை. ஊர் முழுக்கக் குரல் கொடுத்த பின்னரே தற்காலிகப் பத்திரம் கிடைத்தது. சென்று மூன்றாமிடம் பெற்றுத் திரும்பினான். பிரஜாவுரிமை கிடைத்தது 2018இல். அதே 2018இல் தாம் லுவாங் குகைக்குள் அகப்பட்டு மீண்ட உதைபந்தாட்டக் குழுவை உலகமே பார்த்தது. அவர்களுள் மூன்று சிறுவர்களும் பயிற்றுநரும் நாடற்றவர்கள். வெளியே வந்து ஒரு மாதத்துக்குள் அவர்கள் கையில் அடையாள அட்டை இருந்தது. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் குகைக்குள் அகப்படாத பிள்ளைகள் மலைச்சரிவில் இருந்தபடியே இருந்தார்கள்.

அங்கே அடையாள எண்ணுக்கு 13 இலக்கங்கள். முதல் இலக்கம் ஆளின் வகையைச் சொல்லும். அங்கே பிறந்த பிரஜையின் பிள்ளைக்கு 1. என்னைப் போல் பதிவால் பிரஜையாகிறவருக்கு 8. எந்த நிலையும் இல்லாதவருக்கு 0. அப்பாவின் தகரப் பெட்டியை நினைத்தால் எட்டு எனக்குப் புதிதல்ல. அதைச் சுமந்துவிடலாம். பூச்சியத்தைச் சுமப்பது எப்படி?

2024 ஒக்டோபர் 29ஆந் திகதி தாய்லாந்து அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. நெடுங்காலமாக அங்கே வதிபவர்களும் அங்கே பிறந்த பிள்ளைகளுமாக ஏறத்தாழ 4 இலட்சத்து 83 ஆயிரம் பேருக்கு நிரந்தர வதிவுரிமையும் பிரஜாவுரிமையும் பெறும் வழியை அது சுருக்கியது. பிள்ளைகளின் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு முன்னர் 180 நாள் என்றிருந்த நடைமுறை 5 நாளாகக் குறைக்கப்பட்டது.

என் கோப்பு அந்தக் கணக்கில் சேராது; சேரவும் கூடாது. ஆனால் அந்த 5 என்ற எண்ணை நான் பலநாள் நினைத்திருந்தேன். ஐந்து நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலை என்றால், மூன்று தலைமுறையாக அந்த மக்கள் காத்திருந்தது எதற்காக? வேலை கடினமானது என்பதற்காக அல்ல. காத்திருக்க வைக்க முடிந்தது என்பதற்காகத்தான். புதிதாக வருபவனை ஓர் அரசு சில காலம் காத்திருக்கச் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. அந்த இருத்தலில் நானும் ஒரு மொழியைக் கற்றேன், ஒரு கீதத்தைக் கற்றேன். ஆனால் அங்கேயே பிறந்தவனுக்கு அந்தக் காத்திருப்பு எதையும் கற்பிப்பதில்லை. அவனுடைய ஆயுளில் இருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே அது செய்வது. இங்கேயும் 2003இல் ஒரு சட்டம் எஞ்சியிருந்தவர்களின் பெயரைப் பதியும் வரை, நாம் அதைத்தான் 55 வருடங்கள் கண்டோம்.

கார்காலம் இன்ன மாதம் என்று சொல்லிவிட்டால் எவரும் காத்திருப்பர். நாளைச் சொல்லுங்கள் என்பதே காத்திருப்பவரின் முதல் உரிமை.