செவிக்குள் தேங்கும் நீர்

(கிராமத் தாய்மார் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, பாடத்தில் கவனமில்லை என்று ஒரு குழந்தையைக் கடிந்துகொள்ளுமுன், அதற்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்த விஷயம் இதுவே.

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சிறிய அறையொன்று உண்டு. அதுவே நடுச்செவி. அங்கிருந்து மூக்கின் பின்புறத்திற்கு மெல்லிய குழலொன்று செல்கிறது. நாம் எச்சில் விழுங்கும்போது அது திறந்து, புதுக்காற்றை உள்ளே விடுகிறது. குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும் சரிவு குறைந்தும் இருப்பதால் எளிதில் அடைபடும். ஜலதோஷம், மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதையின் வீக்கம், வீட்டிலுள்ளோர் விடும் பீடி, சிகரெட்டுப் புகை ஆகியவை இதற்குக் காரணங்கள். குழல் அடைபட்டதும் உள்ளிருக்கும் காற்று மெல்ல உறிஞ்சப்படுகிறது. அவ்விடத்தில் நீர் கசிந்து தேங்குகிறது. சில குழந்தைகளுக்கு அது பசைபோல் கெட்டியாகிவிடும்.

இதில் பெரும்பாலும் வலியில்லை, காய்ச்சலில்லை, சீழும் வடிவதில்லை. ஆகவேதான் பெற்றோர் அறிவதில்லை. விரலால் காதை அடைத்துக்கொண்டாற்போல் குழந்தைக்குச் சொற்கள் மங்கிக் கேட்கின்றன. பேச்சும் படிப்பும் வளரவேண்டிய வயதில் இது சிறிய நஷ்டமன்று.

எனினும் பதற்றம் வேண்டாம். பெரும்பாலோருக்கு இந்நீர் 3 மாதங்களுக்குள் தானே வற்றிவிடும். டாக்டரிடம் காட்டிவிட்டுப் பொறுத்திருந்து, 3 மாதம் கழித்து மீண்டும் செவியைச் சோதிக்க வேண்டும். அதுவரை குழந்தையை வகுப்பில் முன்வரிசையில் அமர்த்தி, முகம் பார்த்துப் பேசுங்கள். ஜலதோஷ மாத்திரைகளும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் இதற்குத் தக்க பரிகாரமல்ல. காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவதும் வீண். இடையிலே செவிப்பறை இருக்க, எண்ணெய் நடுச்செவிக்குள் எவ்வாறு செல்லும்?

நீர் வற்றாமல் இரு காதும் மந்தமாகவே இருந்தால், செவிப்பறையில் நுண்ணிய துளையிட்டுச் சிறு குழாய் பொருத்துவார்கள். அமெரிக்க டாக்டர் ஆர்ம்ஸ்ட்ராங் 1954-இல் பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்திய பின் இம்முறை பரவிற்று. பெரும்பாலும் ஓராண்டுக்குள் அக்குழாய் தானே விழுந்துவிடும். அடினாய்டு பெருத்திருந்தால் அதையும் அகற்றுவதுண்டு.

2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத்திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றனர். அவர்கள் வரும் நாளில் இத்தகைய பிள்ளையை முதலில் நிறுத்துங்கள். மந்தமென்று நாம் ஒதுக்கிய பிள்ளைக்குக் குறை புத்தியிலன்றிச் செவியில் இருக்கலாம். அதைத் தீர்க்க வழியும் உண்டு.