பசு அல்லாத கடற்பசு, ஆடு அல்லாத வரையாடு

இன்னைக்கு ரெண்டு விலங்குகள். ஒண்ணு மேற்குத் தொடர்ச்சி மலையோட பாறை விளிம்புல நிக்கும். இன்னொண்ணு பாக் விரிகுடாவுல கடற்புல் மேயும். வரையாடு, கடற்பசு. ரெண்டோட பெயரையும் நம்பாதீங்க.

கடற்பசு, பசு கிடையாது. சைரீனியா வரிசையைச் சேர்ந்தது. இன்னைக்கு இருக்கிறதுல அந்த வரிசைக்கு நெருங்கின சொந்தம் யானை. வளர்ந்த ஆணுக்குக் குட்டித் தந்தம்கூட எட்டிப் பார்க்கும்!

வரையாட்டை ரொம்ப காலம் இமயமலை தாரோட ஒரே பேரினத்துல வச்சிருந்தாங்க. 2005-ல் மரபணுவைப் பார்த்தா, அது வெள்ளாட்டைவிட செம்மறிக்குத்தான் நெருக்கம். அதனால நீல்கிரிட்ராகஸ்னு தனிப் பேரினம். அதுல இது ஒண்ணு மட்டும்தான். கடற்பசுவும் தன் குடும்பத்துல கடைசி ஆள். அதோட உறவான ஸ்டெல்லர் கடற்பசு 1741-ல் அறிவியல் உலகத்துக்குத் தெரிய வந்தது. 1768-க்குள்ள வேட்டையாடியே முடிச்சுட்டாங்க. 27 வருஷம்!

இப்போ ஐயுசிஎன் செம்பட்டியலுக்கு வருவோம். வரையாடு 'அருகிவரும் இனம்'. கடற்பசு அதைவிட ஒரு படி குறைவான ஆபத்து, 'அழிவாய்ப்புள்ள இனம்'. அப்போ கடற்பசு கொஞ்சம் பத்திரமா இருக்குன்னு தோணும். நம்ம கடலுக்கு அது பொருந்தாதுன்னுதான் நான் சொல்வேன். அது ஆஸ்திரேலியாவோட பெரிய கூட்டங்களையும் சேர்த்துப் போட்ட உலகக் கணக்கு. இந்தியாவுல மிச்சம் சில நூறுதான்னு மதிப்பிடறாங்க. சீனாவுல அது நடைமுறையில் அழிஞ்சே போச்சுன்னு 2022-ல் ஆய்வாளர்கள் அறிவிச்சாங்க.

வரையாட்டை மலைமேல நின்னு எண்ணலாம். 2025-ல் தமிழ்நாடும் கேரளாவும் சேர்ந்து எண்ணினப்போ 2,668. அதுக்குப் பிரச்சினை, சோலைப் புல்வெளியை விழுங்கற சீகை மரங்கள். அது கண்ணுக்குத் தெரியற எதிரி, வெட்டி எடுக்கலாம்.

கடற்பசுவை எப்படி எண்ணுவீங்க? மூச்சுவிட மூக்கை மட்டும் சில நொடி வெளியே நீட்டும். வலையில சிக்கினா மேலே வர முடியாது, சில நிமிஷத்துல மூச்சுத்திணறிச் செத்துடும். பெண் கடற்பசு ஒரு கன்று போட்டா, அடுத்ததுக்கு மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம்வரை ஆகும். அதனால ஒரு தாய் செத்தா, அதை ஈடுகட்டவே பல வருஷம்.

2022 செப்டம்பர்ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்துல 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவோட முதல் கடற்பசு காப்பகமா அறிவிச்சாங்க. நல்ல விஷயம். ஆனா அங்க நடுக்கடல்ல வன அலுவலர் நிக்கப் போறதில்லை. சிக்கின கடற்பசுவை முதல்ல பார்க்கிறவர் மீனவர். தன் காசு போட்டு வாங்கின வலையை அவர்தான் அறுத்துவிடணும். பல பேர் அப்படி விட்டிருக்காங்க. அந்த வலைக்கான பணம் எவ்வளவு சீக்கிரம் அவர் கைக்கு வருதுங்கிறதுலதான் எனக்குக் கவனம்.